பிபி 154/98, மாத்திரை ஆரம்பித்தாயிற்று. ஜியு-ஜிட்சு தொடரலாமா, விடணுமா?

செம்பூர் வெள்ளை பெல்ட்:

வணக்கம். வயது 41, எடை 92 கிலோ, செம்பூரில் வீடு, பேலாப்பூரில் வேலை. திரும்பி வரும் வழியில் வாஷியில் இறங்கி வாரம் மூன்று நாள் இரவு எட்டரை மணி ஜியு-ஜிட்சு (தரையில் உருண்டு பிடிபோடும் மல்யுத்தக் கலை) வகுப்புக்கு ஒன்றரை வருடமாகப் போகிறேன். வெள்ளை பெல்ட்தான், இன்னும் எல்லோரும் என் மேல்தான் உட்காருகிறார்கள்.

போன மாதம் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் 158/102 என்று வந்தது. லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து, படியேறி ஓடிப்போய் உட்கார்ந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்து வழக்கமான டாக்டரிடம் போனால் 154/98. டெல்மிசார்டன் 40 எழுதினார். அதுவரை சரி. உடற்பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டார், ஜியு-ஜிட்சு என்றேன், அவருக்குப் புரியவில்லை. இங்கேதான் ஒரு தப்பு செய்தேன், போனில் எங்கள் வகுப்பு வீடியோவைக் காட்டினேன். அதில் ஒரு பையன் என் முதுகில் ஏறிக் கழுத்தைப் பூட்டியிருக்கிறான், என் முகம் நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. அவர் வீடியோவை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "இந்தக் குஸ்தியெல்லாம் இன்றோடு நிறுத்துங்க, வாக்கிங் போங்க." பக்கத்திலேயே மனைவி. அன்றைக்கு ராத்திரியே என் கீ உடுப்பு பரண் மேல் ஏறிவிட்டது.

அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது, இடது கை இன்னும் பழையபடி வரவில்லை. அதனால் வீட்டில் பயப்படுவதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் 101 கிலோவிலிருந்து 92க்கு வந்தேன், சிகரெட்டை விட்டேன், ராத்திரி தூங்குகிறேன். வாக்கிங் இதற்கு முன்னால் நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் விட்டவன்.

இன்னொன்று. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் போய் இரண்டு ரவுண்டு ரோல், அதாவது ஜோடி போட்டு நிஜமாகவே மல்லுக்கட்டுவது, செய்தேன் (மனைவி இந்தப் பக்கம் வருவதில்லை). பையில் பிபி மெஷினும் கொண்டுபோயிருந்தேன். முடிந்த இரண்டாவது நிமிடம் பார்த்தால் 178/92. பயந்தே போய்விட்டேன். மேலே ஆள் உட்கார்ந்து அழுத்தும்போது காதில் கொய்ங் என்று ஒரு சத்தம் வேறு. பிபியோடு பயிற்சி செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டாக்டர் சொன்னதுதான் சரி என்றால் அதையும் நேராகவே சொல்லிவிடுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

முலுண்ட் லோக்கல்:

மும்பையில் வாக்கிங் போகச் சொல்லும் டாக்டர்கள் எந்த நடைபாதையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டேஷன் ரோட்டில் நடந்தால் பிபி இறங்குமா ஏறுமா?

சரி, சீரியஸாகச் சொல்கிறேன். என் மாமனார் பூண்டும் முருங்கைக்கீரை சூப்புமாகக் குடித்தே பிபி மாத்திரையை நிறுத்திவிட்டார், மூன்று மாதம் ஆகிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். இந்த மாத்திரையெல்லாம் ஒரு தடவை உள்ளே விட்டால் ஆயுளுக்கும் விடாது. யோசித்துக்கொள்ளுங்கள்.

தாணே ஊதா பெல்ட்:

தம்பி, எனக்கு 47. ஆறு வருடமாக பிபி, அம்லோடிபின் ஐந்தும் டெல்மிசார்டன் நாற்பதும் போடுகிறேன். வாரம் நான்கு நாள் பயிற்சி விரிப்பில் இருக்கிறேன். ஆனால் நீங்கள் செய்த மாதிரி ஒளிந்து போகவில்லை, எண் இறங்கும்வரை இரண்டு மாதம் ரோல் பக்கமே போகாமல் டெக்னிக் மட்டும் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "அந்த அண்ணன் போகிறார், நான் போனால் என்ன" என்று கிளம்பிவிடுவீர்கள்.

உங்கள் காதில் கொய்ங் என்கிறதே, அந்த நேரத்தில் நீங்கள் மூச்சு விடுகிறீர்களா? பந்தயம் கட்டுகிறேன், விடமாட்டீர்கள். தம் கட்டி முக்குகிறீர்கள். வெள்ளை பெல்ட்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். 85 கிலோ ஆள் ஒருத்தன் நெஞ்சில் உட்கார்ந்ததும் பல்லைக் கடித்து, தொண்டையை அடைத்து, கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்குகிற மாதிரி அவனைத் தூக்கப் பார்ப்பேன். பத்து விநாடி அப்படி இருந்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். என் கோச் (அவருக்குத் தமிழ் தெரியாது, அரை ஹிந்தியும் சைகையும்தான்) ஒரு நாள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "குக்கர், குக்கர்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அவரே செய்து காட்டினார்: உதட்டைக் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு தள்ளலுக்கும் ஸ்ஸ்ஸ் என்று காற்றை விடுவது, விசில் வருவதற்கு முன்னால் குக்கர் வெயிட் பக்கத்தில் ஆவி போகுமே, அந்தச் சத்தம். சத்தம் நின்றால் நான் தம் கட்டிவிட்டேன் என்று எதிரில் இருப்பவனுக்கே தெரிந்துவிடும். இப்போது என் பார்ட்னர்கள் எல்லோரும், சத்தம் நின்றால் "அண்ணா, கேஸ் ஆஃப் ஆயிடுச்சு" என்கிறார்கள்.

இரண்டாவது பிடி. கீ காலரை ஐந்து நிமிடமும் உயிர் போகிற மாதிரிப் பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கை பாறையாகிவிடும், அந்த இறுக்கமும் பிபியை ஏற்றுகிற காரியம்தான். பிடி, வேலையை முடி, விடு. நான் ஒரு வருடம் வேண்டுமென்றே கீ இல்லாத வகுப்புக்குத்தான் அதிகம் போனேன், பிடிக்கத் துணியே இல்லையென்றால் பழக்கம் தானாகப் போய்விடும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். தலைகீழாக உருளுவதை விட்டுவிட்டேன். என் காலை மடக்கித் தலைக்கு மேல் கொண்டுவந்து ஒருத்தன் ஏறினால் உடனே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வேன். கழுத்துப் பூட்டு சரியாக விழுந்துவிட்டது என்று தெரிந்தால் "பார்க்கலாம், தாங்குவேன்" என்கிற வீரமெல்லாம் கிடையாது. 22 வயதுப் பையன்கள் போட்டிக்கு முந்தின வாரம் ரோலுக்குக் கூப்பிட்டால் கைகூப்பி நகர்ந்துவிடுவேன். யாரும் கேவலமாக நினைப்பதில்லை, நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

முலுண்ட் அண்ணாச்சி, மாமனார் மாத்திரையை நிறுத்தினார் என்கிறீர்கள், மெஷினில் பார்த்தாரா?

சயான் டாக்டர்:

பொது மருத்துவராக இருக்கிறேன், கல்லூரியில் ஜூடோ ஆடியவன், பழுப்பு பெல்ட்டோடு நின்றுவிட்டேன். உங்களை நான் பரிசோதிக்கவில்லை, அதனால் பயிற்சியில் இறங்கலாமா என்கிற முடிவை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். அவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் 178/92. உழைக்கும்போது மேல் எண் ஏறத்தான் செய்யும், ஆரோக்கியமானவருக்கும் கடும் உழைப்பில் 200 பக்கம் போகும், கீழ் எண் பெரிதாக நகராது. ரோல் முடித்து இரண்டாவது நிமிடத்தில் பார்த்துப் பயப்படுவது, அடுப்பிலிருந்து இறக்கிய உடனே பாலைத் தொட்டுப் பார்த்து ஜுரம் என்று சொல்வது மாதிரி. பார்க்க வேண்டியது ஓய்வில் இருக்கும் எண். காலையிலும் இரவிலும், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் குளியலுக்கும் அரை மணி தள்ளி, முதுகு சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, பேசாமல், இரண்டு தடவை. ஒரு வாரம் எழுதுங்கள், முதல் நாளை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி. வீட்டில் 135/85-க்குக் கீழே வர வேண்டும்.

அப்புறம், கை எவ்வளவு பருமன்? மல்யுத்தக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கு. உங்கள் புஜம் 35 இருந்தால் அந்தப் பட்டை மேல் எண்ணை ஏறக்குறைய 5 கூட்டிக் காட்டும், அதைவிடத் தடித்த கை என்றால் இன்னும் அதிகம். அதற்காக உங்களுக்கு பிபியே இல்லை என்று சொல்லவரவில்லை, 154/98-இல் ஐந்தைக் கழித்தாலும் பிபிதான்.

தம் கட்டுவது பற்றி தாணே அண்ணன் சொன்னது அனுபவம் மட்டும் இல்லை. 1985-இல் கனடாவில் உடற்கட்டு வீரர்கள் ஐந்து பேரைக் காலால் கனமான எடையைத் தள்ளவைத்து, கையின் தமனிக்குள்ளேயே குழாய் செருகி அளந்தார்கள். சராசரி 320/250 வரை போனது, ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. நல்ல உடம்புக்காரர்களுக்கே அப்படி. சில விநாடிதான், விட்டதும் இறங்கிவிடும், ஆனால் ஏற்கெனவே 154-இல் நிற்கும் ரத்தக் குழாய்க்கு அந்தச் சில விநாடி யாருக்கும் தேவையில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே அசையாத இறுக்கத்தை அளவோடு, மூச்சு விட்டுக்கொண்டு செய்தால் நாள்பட பிபி குறைகிறது. 2023-இல் 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், சுவரில் முதுகு சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது, கைப்பிடியை அளவாக அழுத்துவது மாதிரிப் பயிற்சிகள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் குறைத்தன, மேல் எண்ணில் சுமார் 8.

ஓய்வில் மேல் எண் 160-க்கு மேல் இருக்கும்வரை கடினமான ரோல் வேண்டாம். 180/110 தொட்டால் வார்ம்-அப்கூட வேண்டாம், டாக்டரிடம் போங்கள். டெல்மிசார்டன் முழு வேகம் எடுக்க நான்கு வாரமாவது ஆகும், பத்தாம் நாளே "இறங்கவில்லையே" என்று புலம்பாதீர்கள். ஈசிஜி, முடிந்தால் எக்கோ, கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம், இதெல்லாம் பார்த்தாயிற்றா? அப்பாவுக்குப் பக்கவாதம் என்பதால் டிரெட்மில் டெஸ்ட் வேண்டுமா என்றும் கேளுங்கள். குறட்டை விடுகிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. கழுத்து 17 அங்குலத்துக்கு மேல், குறட்டை, பகலில் தூக்கம், மாத்திரைக்கு இறங்காத பிபி, இந்தக் கூட்டணியில் தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் ஒளிந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் அதிகம் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. வகுப்பு முடிந்து முழங்கால் வலி, விரல் வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுகிறீர்களே, அது. பிபியை ஏற்றும், மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், டெல்மிசார்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் படுத்தும். அதோடு போட்டிக்காகத் தண்ணீர் குடிக்காமல் எடை இறக்கினால் கேட்கவே வேண்டாம். பயிற்சிக்கு முன் குடிக்கிற காஃபீன் பவுடரையும் நிறுத்துங்கள். ஒரு மணி நேர வகுப்புக்கு ஓஆர்எஸ் எல்லாம் வேண்டாம், ஒரு லிட்டர் பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு இருக்கிறது, ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்கிறார்கள். அப்பளம், ஊறுகாய், வடாபாவ் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குறைந்த சோடியம் உப்பு என்று விற்பதைக் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பொட்டாசியம் இருக்கும், டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றும்.

ஜூடோ, மல்யுத்தம் என்று மாநில, தேசியப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு: பிபிக்குத் தரும் நீர்பிரிப்பு மாத்திரைகள் (ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் வகை) வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடைப்பட்டியலில் இருக்கின்றன, எந்நேரமும் தடை. டெல்மிசார்டனோடு சேர்ந்தே ஒரே மாத்திரையாக வருவதால் அட்டையைப் படியுங்கள். வாடா என்று கூப்பிட்ட பிறகு போய் நின்று பயனில்லை. பீட்டா பிளாக்கர் வகை பிபி மாத்திரை மல்யுத்தத்தில் தடை இல்லை, ஆனால் இதயத் துடிப்பை ஏறவிடாது, மூன்றாவது ரவுண்டில் கால் கனக்கும்.

கழுத்துப் பூட்டில் பிபி ஏறுவதைவிட என் கவலை கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவது. அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. வகுப்புக்குப் பிறகு கழுத்தில் ஒரு பக்கம் புதுவிதமான வலி, ஒற்றைப் பக்கத் தலைவலி, ஒரு கண் இமை தொங்குவது, பார்வை மங்குவது, பேச்சு குளறுவது, இதில் ஏதாவது வந்தால் "பிடிப்பு" என்று தைலம் தேய்த்துப் படுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முலுண்ட் நண்பரே, முருங்கைக்கீரை சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் பிபி வலிக்காது. "ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாளைக்கே அளந்து பாருங்கள்.

தொண்ணூறடி ரோடு:

என் வயது 66. தாராவியில் பிறந்தவன், அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். பதினாலு வயதில் பரேல் பக்கம் ஒரு தாலீமுக்கு (மல்யுத்தக் கூடம்) போக ஆரம்பித்தேன், மில்லில் வேலைபார்த்த மராட்டிக்காரர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள், மதராசி பைல்வான் என்று கூப்பிடுவார்கள். செம்மண்ணில் மோரும் எண்ணெயும் மஞ்சளும் போட்டுக் கொத்திவிடுவோம், அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. 1952 ஹெல்சிங்கியில் வெண்கலம் வாங்கின காஷாபா ஜாதவ் படம் சுவரில் தொங்கும், தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவோம்.

பிபி என்கிற பேச்சே அங்கே கிடையாது. தண்டால் ஐந்நூறு எடுப்பவனுக்கு என்ன நோய் வரும் என்று நினைப்பு. எனக்கு ஜோடியாக ஆடினவன் ஒருத்தன், நாற்பத்துநாலு வயதில் ஒரு காலைப்பொழுது பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். ஆஸ்பத்திரியில்தான் முதல் தடவையாக அளந்தார்கள். 220. அதற்கு முந்தின ஞாயிறு என்னைத் தூக்கிப் போட்டவன் அவன், அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நானும் போய்ப் பார்த்தேன், எனக்கும் இருந்தது. ஒரு வருடம் மாத்திரை போட்டு, நன்றாக இருக்கிறதே என்று விட்டு, மறுபடி ஏறி, அந்தத் தடவை கண்ணில் ரத்தம் கசிந்த பிறகுதான் புத்தி வந்தது. பூண்டு சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன் அப்போதும்.

தம்பி, மண்ணில் எங்கள் உஸ்தாத் சொல்வார், மூச்சு போனால் ஜோரும் போச்சு என்று. அதைத்தான் குக்கர் என்கிறார்கள் போல.

முலுண்ட் லோக்கல்:

மாமனாருக்கு இன்று காலை பார்த்தோம். 172/96. இரண்டாம் தடவை 168. சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். முன்னால் எழுதினதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

செம்பூர் வெள்ளை பெல்ட்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். மனைவி இந்தத் திரியைப் படித்துவிட்டாள். ஒளிந்து போன விஷயம் வரை. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

அவளேதான் டெய்லர் டேப் எடுத்து என் கையை அளந்தாள், 35.5. பெரிய பட்டை வாங்கினோம். ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று, எக்கோவில் இதயச் சுவர் தடிக்கவில்லை. குறட்டை உண்டு என்று சாட்சி சொன்னாள், தூக்கப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். மூட்டு வலி மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, பெருவிரல் வலிக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன். மாத்திரை ஒன்றும் விடவில்லை. போன வார வீட்டுச் சராசரி 131/84.

டாக்டரிடம் இந்தத் தடவை வீடியோ காட்டவில்லை. ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன்: ஐந்து நிமிட ரவுண்டு, நடுவில் ஓய்வு, தம் கட்டாமல், தெரிந்த பார்ட்னர்களோடு மட்டும், போட்டி இல்லை. நிதானமாகப் படித்தார். மூன்று மாதம் இப்படியே, வாரம் இரண்டு நாள், எண் ஏறினால் நிறுத்து என்றார். ஞாயிறு காலை வாக்கிங்கும் உண்டு, அது அவருக்காக.

முந்தாநாள் முதல் ரோல். ஊதா பெல்ட் ஒருத்தர் மவுண்டில், அதாவது என் நெஞ்சு மேல், உட்கார்ந்தார், நான் ஸ்ஸ்ஸ் என்று விட ஆரம்பித்தேன், அவர் ஏதோ வாயு பிரச்சினை என்று நினைத்து எழுந்துவிட்டார். அந்த இடைவெளியில் தப்பித்தேன். முடிந்ததும் எழுந்தால் தலை கொஞ்சம் சுற்றியது, உட்கார்ந்து மெதுவாக எழுந்தேன், சரியாகிவிட்டது. டாக்டர் சார், இது மாத்திரையாலா?

சயான் டாக்டர்:

இருக்கலாம். பயிற்சி முடிந்த பிறகு சில மணி நேரம் பிபி இயல்பாகவே வழக்கத்தைவிட இறங்கும், மாத்திரையும் சேர்ந்தால் சட்டென்று எழும்போது சுற்றும். முடிந்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு உட்காருங்கள், வெந்நீர்க் குளியல் உடனே வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி வந்தால், அல்லது கண் இருட்டினால், உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார். மாத்திரையைக் காலையில் போடுவதா இரவிலா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2022-இல் பிரிட்டனில் 21,000 பேரை வைத்துப் பார்த்தார்கள், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அது.

செம்பூர் வெள்ளை பெல்ட்:

காலை காபி டம்ளர் பக்கத்தில்தான் அட்டை இருக்கிறது. பட்டை அளவு தனியாகக் கேட்டவருக்கு: என்னை மாதிரி தடித்த கை என்றால், பெட்டியில் 32-42 செ.மீ. என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள், மெஷினோடு வருவது வேண்டாம்.